கெட்டித் தண்ணீர்

பிராகோ கெட்டவள் என்று இந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஐந்து மாதம் புருஷனுக்கு ஒரு மடக்கு பச்சைத் தண்ணீர் கொடுக்காதவளை வேறு என்னவென்று சொல்வது? ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதனால் அவளைப் பற்றி எழுத இந்த வீட்டிலேயே தகுதி இல்லாதவள் நான்தான், ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

குமாசியில், சுவாமே லாரிப் பட்டறைகளுக்குப் பின்பக்கம் இருக்கிறது வீடு. சுற்றி அறைகள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் ஒரே குழாய். பிராகோவின் புருஷன் தாபியின் தாய்வழிக் குடும்பத்துச் சொத்து. நிர்வாகம் அவருடைய அக்கா கொனாடுவிடம். நான் வாடகைக்கு இருக்கும் தையல்காரி, பெயர் மன்சா. முற்றத்து ஓரத்தில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால் யார் வீட்டில் என்ன வேகிறது, யார் யாரோடு பேசவில்லை என்று எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

பிராகோ எஜூராவில் சோளம் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். முதல் புருஷன், பிள்ளை இல்லை என்று ஏழாம் வருஷம் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். இவள் சண்டை போடவில்லை. அவனுடைய சமையல் பாத்திரங்களில் நல்லதாகப் பார்த்து நாலைந்தை எடுத்துக்கொண்டு குமாசிக்குப் பஸ் ஏறிவிட்டாள். பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்டு ஃபூஃபூ கடை வைத்தாள். பையன் ஒருவன் நின்றுகொண்டு உலக்கையைப் போட, இவள் கீழே உட்கார்ந்து, உலக்கை மேலே போகும் நேரத்தில் உரலுக்குள் கையை விட்டு மரவள்ளியையும் வாழைக்காயையும் திருப்பித் திருப்பி விடுவாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு விரல் கூட நசுங்கவில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. "இடிக்கிறியா, தாலாட்டுறியா?" என்று அவள் கேட்கிற சத்தம் தெருமுனை வரை வரும்.

தாபி கியர்பாக்ஸ் மெக்கானிக். அங்கே சாப்பிட வந்துதான் பழக்கம். எங்கள் ஊரில் ஃபூஃபூவை யாரும் மெல்ல மாட்டோம். கிள்ளி, சூப்பில் புரட்டி, அப்படியே வழுக்கி உள்ளே விட வேண்டியதுதான். மென்று தின்கிறவனைக் குழந்தை கூடக் கேலி செய்யும். தாபி மூன்று உருண்டையை மூச்சு விடாமல் இறக்கிவிட்டு, "இன்னும் நான் சாப்பிடவே ஆரம்பிக்கலையே" என்பார். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று பிராகோ சொல்லிச் சிரிப்பாள். அவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். அதிலும் பிள்ளை இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் வெளியே வரவில்லை. காலைப் பிடித்து இழுத்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கையும் காலும் விழுந்திருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவர் அதை மூன்று முறை பிடுங்கி எறிந்தார். நாலாம் முறை போடுவதற்கு முன்னால், விழுங்கப் பழக்குகிற மிஸ் ஒருத்தியை வரச் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கே அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். டெடே என்று பெயர், அக்ராவிலிருந்து வந்த சின்னப் பெண். பிராகோவுக்குத் துணையாகப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் அன்றைக்குப் போயிருந்தேன்.

மிஸ் டெடே தாபியை நிமிர்த்தி உட்கார வைத்தாள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டுகிற ஒரு கிளிப்பை விரலில் மாட்டினாள். அதில் தொண்ணூற்றேழு என்று எண் தெரிந்தது. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். தாபி விழுங்கினார். இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. இன்னொரு ஸ்பூன், இன்னொன்று. அதற்கும் இருமவில்லை.

"பாருங்க மிஸ், நல்லாத்தானே விழுங்குறாரு," என்றேன். கேட்காமலே வாயை விடுவது என் வழக்கம்.

"எண்ணைப் பாருங்கக்கா."

எண் தொண்ணூறுக்கு வந்துவிட்டிருந்தது. மிஸ் அவரை "ஆ" என்று சொல்லச் சொன்னாள். சொன்னார். அந்தக் குரலுக்குள் தண்ணீர் கொளகொளத்தது.

"உங்களுக்கும் எனக்கும் ஒரு சொட்டு தப்பிப் போனா புரை ஏறும், இருமி வெளியில தள்ளிடுவோம். இவருக்குப் புரையே ஏறலை. தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகுது, அது அவருக்கே தெரியலை. இருமறவரை நம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன். இருமாதவரைத்தான் எனக்குப் பயம்," என்றாள் அந்தப் பெண். பிராகோவைப் பார்த்து, "ஊர்ல எல்லாரும் இருமலைன்னா நல்லா இருக்காருன்னு சொல்லுவாங்க. நீங்க நம்பக் கூடாது," என்றாள்.

பிராகோ அங்கேயே ஒன்பது நாள் தங்கிக் கற்றுக்கொண்டாள். ஆளை நேராக உட்கார வைக்க வேண்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும். சின்ன ஸ்பூன், அதிலும் பாதி. குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். கோணிய பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து வழித்து எடுக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. தண்ணீர் ஓடக் கூடாது, கூழாக இருக்க வேண்டும். அதற்கான பொடி கடையில் கிடைக்காததால், மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சித் தண்ணீரைக் கெட்டியாக்க மிஸ் சொல்லிக் கொடுத்தாள். ஃபூஃபூ கூடவே கூடாது. அது உடையாமல், கரையாமல் அப்படியே போய் அடைத்துக்கொள்ளும் என்றாள்.

"பதினெட்டு வருஷமா அதை வித்தவகிட்டயே சொல்றீங்களேம்மா," என்று பிராகோ சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது வேடிக்கை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் சோளக் கஞ்சி, மதியம் மசித்த கிழங்கு, மீனை முள்ளில்லாமல் அரைத்து ஒரு கூழ். முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, பின்னால் தலையணை கொடுத்து, எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.

"வாயைத் தொறங்க மெக்கானிக்கு. தாடையைக் கீழ. கீழன்னேன், வானத்துல என்ன கியரா தொங்குது?"

பேச்சு குழறினாலும் தாபிக்கு இரண்டு சொல் மட்டும் தெளிவாக வரும். ஒன்று "தண்ணி". இன்னொன்று "பட்டினி". யார் வாசலில் நுழைந்தாலும் நல்ல கையால் பெண்டாட்டியைக் காட்டி, "பட்டினி, பட்டினி" என்பார். அவள் ஊட்டிய கூழை அவள் முகத்திலேயே துப்புவார். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுத்த ஸ்பூனை எடுப்பாள். ஒரு நாள் ஸ்பூனைப் பிடித்திருந்த கையைக் கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டார். "கடிக்கத் தெம்பு இருக்கு. நல்லது," என்றாள் அவள்.

கொனாடு அக்காவுக்கு மரவள்ளி மாவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "சட்டைக்குப் போடுற கஞ்சியை என் தம்பிக்குப் போடுறா. விறைப்பா நிக்கட்டும்னு நெனைக்கிறாளோ என்னவோ," என்பார். முற்றமே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன், எனக்கு வாடகை கூட்டாமல் இருப்பவர் ஆயிற்றே.

கடைக்கும் ஆள் வருவது குறைந்தது. புருஷனுக்கே ஃபூஃபூ போடாதவள் கையால் எப்படிச் சாப்பிடுவது என்று பட்டறைக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். மூன்றாம் மாதம் தகரத்தைக் கழற்றிவிட்டாள்.

ஒரு நாள் துணி தைக்கக் கொடுக்க வந்த பிராகோவிடம் நான் கேட்டேன். "இவ்வளவு பேச்சு கேட்டு எதுக்குடி இந்தப் பாடு? மனுஷன் உன் மூஞ்சியில துப்புறாரு."

"அறைக்காகத்தான்," என்றாள் பளிச்சென்று. "அவரு இருக்கற வரைக்கும்தான் இந்த வீட்டுல எனக்கு அறை. எனக்குப் பிள்ளையா குட்டியா? அவரு போன மறுநாள் கொனாடு அண்ணி என் பாயைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க. எஜூராவுல எங்க அண்ணன் பெண்டாட்டி என்னைப் பார்த்தா நாயை அவுத்து விடுவா. ஆமா, அறைக்காகத்தான். போய்ச் சொல்லு." கொஞ்ச நேரம் ஊசிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலம் குரல்வளை ரெண்டு தடவை நல்லா ஏறுச்சு மன்சா. மிஸ் பார்த்தா சந்தோஷப்படுவா."

அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் கொனாடு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத் தலைவர் ஜூமோ வந்தார். தாபிக்குத் தாய்மாமன். தோளில் துணியைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். குடும்பத்தார் பன்னிரண்டு பேர் சுற்றி இருந்தார்கள். பிராகோ புருஷனைப் பட்டினி போட்டு, அறையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்பது வழக்கு. ஜூமோ கெட்ட மனிதர் இல்லை. இரண்டு பக்கமும் கேட்டார். பிராகோ, மிஸ் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"சரிம்மா. தண்ணி குடிச்சா செத்துப் போவான்னு நீ சொல்ற. குடிச்சா பொழைப்பான்னு இவங்க சொல்றாங்க. எதுக்கு வாக்குவாதம்? இங்கேயே குடிக்கட்டும். புரை ஏறுச்சுன்னா நீ சொன்னது சரி. ஏறலைன்னா நீ சொன்னது பொய்," என்றார்.

"புரை ஏறாது பெரியவரே. அதுதான் அவரோட வியாதியே," என்றாள் பிராகோ.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். புரை ஏறாததே வியாதி என்று எவளாவது சொல்வாளா? ஜூமோ கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். நான்தான் குளிர்ந்த பாக்கெட் ஒன்றை எடுத்து, மூலையைக் கடித்துக் கிழித்து, தம்ளர் நிறைய ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொனாடு அக்கா தம்ளரைப் பிடித்தார். தாபி ஒரே மூச்சில் குடித்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. ஐந்து மாத தாகம் தீர்ந்த முகம். இருமவில்லை. கண் கூடக் கலங்கவில்லை. குடித்து முடித்து, கோணிய வாயால் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆ சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க பெரியவரே," என்றாள் பிராகோ.

"சொல்லுடா," என்றார் ஜூமோ.

"ஆ" என்றார் தாபி. கொளகொளவென்று வந்தது. எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் கேட்ட அதே குரல். பிராகோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் அந்தக் குரலின் அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

தீர்ப்பு சொன்னார்கள். குடும்பத்தை அவமானப்படுத்தியதற்குப் பிராகோ இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி அக்காதான் தம்பிக்கு ஊட்டுவார். பெண்டாட்டி பக்கத்தில் வரக் கூடாது.

அன்று மதியமே வீட்டில் ஃபூஃபூ இடித்தார்கள். கொனாடு அக்கா சின்னதாகக் கிள்ளி, ஆட்டுக்கறி சூப்பில் தோய்த்து, தம்பி வாயில் வைத்தார். வழுக்கி இறங்கியது. இருமல் இல்லை. முற்றம் கை தட்டியது. பிராகோ அறை வாசலில் நின்றாள். "நிமிர்த்தியாவது வைங்க அண்ணி. சாய்ச்சு வச்சு ஊட்டாதீங்க."

"இவனை இடுப்புல வச்சு வளர்த்தவ நான். எனக்கு ஊட்டத் தெரியாதா?" என்றார் கொனாடு அக்கா. அதுவும் பொய் இல்லை. அம்மா செத்த பிறகு அவர்தான் வளர்த்தார். தம்பி விழுங்க விழுங்க அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இதில் ஒருவராவது அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஜுரம் வந்தது. ஜுரம் என்றால் எங்களுக்கு மலேரியாதான். மாத்திரை வாங்கி வந்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். "அது நெஞ்சு, அது மலேரியா இல்லை, அண்ணி கால்ல விழறேன்," என்று பிராகோ சொன்னாள். விழவும் விழுந்தாள். பட்டறையிலிருந்து ஒரு டாக்ஸியையும் பிடித்து வந்து வாசலில் நிறுத்தினாள். தாபி ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூக்கில் குழாய் போட்ட இடத்துக்கு மறுபடி போகச் சொன்னால் யார்தான் போவார்கள்? டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஆறாம் நாள் காலையில் மூச்சு அடுப்பில் கொதிக்கிற கூழ் மாதிரி சத்தம் போட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஜூமோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி கொடுத்துடலாம்," என்றார்.

எங்கள் ஜனங்களில் சாகிறவருக்குக் கடைசித் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். போகிற வழி நீளம், ஏற்றம் வேறு. தாகத்தோடு போனவன் திரும்பி வந்து வீட்டைக் கேட்பான். தண்ணீர் கொடுக்காமல் சாக விட்டவர்களைப் பற்றி மூன்று தலைமுறை பேசும்.

கொனாடு அக்கா கிண்ணத்தை எடுத்தார். என்ன தோன்றியதோ, பிராகோவைக் கூப்பிட்டார். "நீதான் பெண்டாட்டி. வந்து கொடு," என்றார். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் கொடுத்ததில்லை. அதை ஒழுங்காகச் செய்திருந்தால், அறையைப் பற்றிக் கூட ஜூமோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

பிராகோ கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "இன்னும் போகலை. நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, ஊசி போட்டா கேட்கும்," என்றாள்.

"தண்ணியைக் கொடும்மா," என்றார் ஜூமோ. "இந்தா தண்ணி, குடிச்சுட்டுப் போ, இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பிள்ளைங்களைக் கொடுன்னு சொல்லு."

அவள் அதைச் சொல்லவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் தலையை மடியில் தூக்கி, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினாள். ஸ்பூன் கேட்டாள். கொடுத்தார்கள். பாதி ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டாள். குரல்வளையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவள் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"ஏறலை," என்றாள்.

உடனே அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, முந்தானையை விரலில் சுற்றி வாய்க்குள் விட்டு, அந்தத் தண்ணீரை வழித்து வெளியே எடுத்தாள்.

சாகிறவன் வாயிலிருந்து கடைசித் தண்ணீரை எடுத்தவளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஜூமோவின் கைத்தடி கீழே விழுந்தது. கொனாடு அக்கா அவளைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டு, தம்பியை மல்லாத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கிண்ணத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். தாபி இருமவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"வயிறு நெறைய குடிச்சுட்டுப் போனான்," என்றார் கொனாடு அக்கா, அழுதுகொண்டே.

எட்டாம் நாள் குடும்பம் கூடியது. பெண்டாட்டி கடைசித் தண்ணீரைப் பறித்தாள், அவளை விதவை என்று உட்கார வைக்கக் கூடாது, துக்கத் துணி கொடுக்கக் கூடாது, வீட்டிலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டார்கள். ஜூமோ பிராகோவிடம் கேட்டார்.

"எடுத்தேன். அவரால விழுங்க முடியலை, எடுத்தேன்," என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "மன்சா ஆஸ்பத்திரிக்கு வந்தா. மிஸ் சொன்னதைக் காதால கேட்டா. அன்னைக்கு அவரு 'ஆ' சொன்னப்பவும் இருந்தா. அவளைக் கேளுங்க."

நான் எழுந்து நின்றேன். கொனாடு அக்கா என்னைப் பார்த்தார்.

ஜூமோ, மிஸ் சொன்னதைப் பற்றிக் கேட்கவில்லை. "வாயிலேர்ந்து தண்ணியை எடுத்ததை நீ பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தேன்," என்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

கேட்டார். அவர் கேட்கவில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் கேட்டார். நிதானமாக, என் பதிலுக்குக் காத்திருந்து கேட்டார்.

"இல்லை," என்றேன்.

பிராகோ அன்றே போய்விட்டாள். எஜூராவுக்குப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பக்கவாத வார்டில், ஆள் இல்லாத நோயாளிகளுக்குக் கூலிக்கு ஊட்டுகிறாள் என்று கேள்வி. நர்சுகளே அவளைக் கூப்பிட்டுக் குரல்வளையைப் பார்க்கச் சொல்கிறார்களாம். வார்டு வராந்தாவில்தான் படுக்கையாம்.

அவள் அறையைக் கொனாடு அக்கா எனக்குக் கொடுத்தார். என் பழைய அறையைவிடப் பெரியது. அதே வாடகைதான்.